இருட்டைக் காட்டக் கூட்டிப்போனேன்

சின்னக் குழந்தைகளோடு கூடாரம் போட்டுத் தங்கும் பெற்றோருக்காக ஒரு தாயின் குறிப்புகள், ஒரு கோரிக்கை

நகரத்துக் குழந்தைகளுக்கு இன்றைக்குக் கிடைக்காமல் போன பொருள் இருட்டு. தெருவிளக்கு, எதிர்வீட்டு எல்இடி, இன்வெர்ட்டரின் பச்சைப் புள்ளி, மோடத்தின் நீலப் புள்ளி இவை எதுவும் இல்லாத ஓர் இரவை என் மகள் ஐந்து வயதாகும்வரை பார்த்ததே இல்லை. ஜவ்வாது மலையில் முதல்முறை கூடாரம் போட்ட அன்று ஏழு மணி வாக்கில் கேட்டாள்: "எப்பம்மா லைட் போடுவாங்க?" இங்கே யாரும் போடமாட்டார்கள் என்றதும் என் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். இருட்டுக்குக் கண் பழக அரை மணி நேரம் ஆகும். அது பழகியதும் கையை விட்டுவிட்டு வரப்போரமாக நடக்க ஆரம்பித்தாள்.

பிள்ளைகளை வெளியே கூட்டிப்போக வேண்டும் என்று இப்போது நிறையப் பெற்றோர் நினைக்கிறார்கள். ஆனால் அந்த நினைப்பு பெரும்பாலும் ஒரு மலை உச்சியில்தான் போய் முடிகிறது. ரீல்ஸில் பார்த்த மேகக்கூட்டம், காலை ஐந்து மணி ஜீப், உச்சியில் ஒரு படம். ஐந்து வயதுக் குழந்தைக்கு உச்சி எதற்கு? அதற்கு வேண்டியது பக்கத்திலேயே இருக்கும் ஓரிடம், அவசரமில்லாத ஒரு பகல், விளக்கில்லாத ஓர் இரவு. குழந்தைக்கு இடத்தைச் சின்னதாக எடுத்துக்கொள்ள வேண்டும், நேரத்தைப் பெரிதாகக் கொடுக்க வேண்டும். நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதியெல்லாம் இதை எப்படிச் செய்வது என்பதுதான்.

மொட்டை மாடிதான் முதல் மலை

புதுக் கூடாரத்தை நேராக மலைக்குக் கொண்டுபோகக் கூடாது. முதலில் மொட்டை மாடியில் போட்டுப் பாருங்கள். நாம் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது கோடைக்குப் பாயும் தலையணையும் ஏறிய அதே மாடிதான். கம்பிகளைக் கோர்ப்பது, துணியின் மூலைகளைக் கொக்கியில் மாட்டுவது, ஜிப்பை முழுசாக இழுத்து மூடுவது இவையெல்லாம் குழந்தையின் கைக்கும் பழக வேண்டும். ஜிப்தான் முக்கியம். "உள்ளே போனால் மூடு, வெளியே வந்தால் மூடு" என்பதை மாடியிலேயே விளையாட்டாகச் சொல்லிக் கொடுத்துவிட்டால் காட்டோரத்தில் நினைவூட்ட வேண்டியதில்லை. நடு இரவில் குழந்தை எழுந்து, "வீட்டுக்குப் போலாம்" என்று அழுதால் பன்னிரண்டு படி இறங்கினால் வீடு. அந்தத் தைரியத்தில் அடுத்த முறை விடியும்வரை தூங்கிவிடும்.

இன்னொன்றையும் மாடியிலேயே தெரிந்துகொள்ளலாம். மூச்சுக்காற்றின் ஈரம் கூடாரத்தின் உட்புறம் முத்து முத்தாகப் படியும். விடியற்காலையில் துணியைத் தொட்டால் கை நனையும். அது ஒழுகல் இல்லை. காற்றுத் திறப்பை அடைக்காமல் விட்டால் குறையும். குளிருக்குப் பயந்து எல்லாவற்றையும் இறுக்கி மூடுகிறவர்கள்தான் நனைந்த போர்வையோடு எழுந்திருப்பார்கள்.

எங்கே போடலாம்

இந்தக் கேள்விக்குத் தமிழ்நாட்டில் சுலபமான பதில் இல்லை. காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவதே குற்றம். 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டமும், சரணாலயங்களுக்கு 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தெளிவாகச் சொல்கின்றன. குழந்தையோடு போகிறவர் இந்த வேலியைத் தாண்ட நினைக்கவே கூடாது.

ஏன் என்பதற்குக் குரங்கணி இருக்கிறது. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மலையேற்றக் குழுவினர் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இறந்தவர்கள் 23 பேர். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்துக்கு மனிதக் கால் ஈடுகொடுக்க முடியாது. அந்த மார்ச் மாதத்துக்குப் பிறகுதான் மலையேற்றத்துக்கு விதிமுறைகள் வந்தன. 2024 அக்டோபரில் 'ட்ரெக் தமிழ்நாடு' என்ற பெயரில் 14 மாவட்டங்களில் 40 பாதைகளை அரசே திறந்தது. இணையத்தில் பதிவுசெய்தால், அந்தந்த மலையில் வாழும் பழங்குடி இளைஞர்கள் வழிகாட்டியாக உடன் வருவார்கள். பாதைகளை எளிது, நடுத்தரம், கடினம் என்று பிரித்திருக்கிறார்கள். எளிய பாதையில் ஒரு காலைப்பொழுது குழந்தைக்கு நல்ல தொடக்கம். வயது வரம்பைப் பதிவுக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள். ஆனால் இவை பெரும்பாலும் பகலில் போய்ப் பகலிலேயே திரும்பும் நடைகள். இரவு அதில் கிடையாது. பிப்ரவரி நடுவில் தீப்பருவம் தொடங்கினால் பாதைகளை மூடிவிடுவார்கள். மூடுவதுதான் சரி.

இரவுக்கு மிச்சமிருப்பவை தனியார் இடங்கள். அதிலும் கண்ணைத் திறந்துகொண்டு தேர்ந்தெடுக்க வேண்டும். 2021 ஜனவரியில் வயநாடு மேப்பாடியில், காட்டை ஒட்டிய ஒரு விடுதியின் கூடாரத்தில் தங்கிய பெண் ஒருவர் யானை தாக்கி இறந்தார். அதன்பிறகு அந்த மாவட்டத்தில் உரிமமில்லாத கூடார விடுதிகளை மூட உத்தரவு வந்தது. யானை வரும் தடத்தில் துணிச்சுவரை நம்பிப் படுப்பது துணிச்சல் ஆகாது. கொடைக்கானலிலும் நீலகிரியிலும் 'டென்ட் ஸ்டே' என்று விளம்பரம் பார்த்தால், உள்ளாட்சியின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். கேட்டதும் பேச்சை மாற்றினால் போகாதீர்கள். ராத்திரி பன்னிரண்டு மணிவரை ஸ்பீக்கர் அலறும் இடமும் குழந்தைக்கு ஆகாது. இருட்டையும் சத்தமின்மையையும் தேடிப் போய்விட்டு அவற்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காசு கொடுத்து வாங்கி வருவதில் என்ன இருக்கிறது?

நாங்கள் போவது ஜவ்வாது மலையில் ஒரு குடும்பத்தின் பட்டா நிலத்துக்கு. சென்னையிலிருந்து போளூர் வழியாக ஐந்தாறு மணி நேரம். என் அண்ணன் குடும்பமும் வரும். தாயும் பிள்ளையும் தனியாகப் போக வேண்டாம் என்பது எங்கள் வீட்டு விதி. இருவரில் ஒருவருக்கு உடம்புக்கு வந்தால் வண்டி ஓட்ட இன்னோர் ஆள் வேண்டும்.

"அங்க வேணாம், பன்னி வர்ற தடம்"

அந்த நிலத்துக்காரம்மாவை நாங்கள் ஆயா என்றுதான் கூப்பிடுகிறோம். முதல்முறை போனபோது அவருக்கு எங்கள் திட்டமே பிடிக்கவில்லை. "ஏம்மா, ஊட்டுக்குள்ள எடம் கெடக்குது. கொழந்தயக் கொண்டாந்து வெளிய படுக்க வெக்கிறியே?" என்றார். பாப்பா வானத்தைப் பார்க்க வேண்டும் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு இடம் காட்ட அவரே முன்னால் நடந்தார்.

அன்றைக்கு அவரிடம் கற்றதை எந்த வீடியோவிலும் கற்றிருக்க மாட்டேன். சமமாக, மெத்தென்று புல் வளர்ந்திருந்த மூலையைக் காட்டினேன். "அங்க வேணாம், பன்னி வர்ற தடம்" என்றார். பலாமரத்தடி நிழலாக இருந்தது. மேலே காய்ந்த கிளையைக் கைகாட்டி, காற்றடித்தால் விழும் என்றார். ஓடைக்கரை மணல் எவ்வளவு அழகு! அதற்கு அவர் பதிலே சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டினார். மேலே மழை பெய்தால் இங்கே வெயிலடிக்கும்போதே தண்ணீர் வந்துவிடும். 2024 மே மாதம் பழைய குற்றால அருவியில் திடீரென்று வெள்ளம் வந்து 17 வயதுப் பையன் அடித்துச் செல்லப்பட்டதும் இப்படித்தான். கடைசியில் கேழ்வரகு அடித்த களத்துமேட்டில், வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில், கல் பொறுக்கிப் பெருக்கிய தரையில் கூடாரம் நின்றது. கழிப்பறை வீட்டருகே. ராத்திரி குழந்தை எழுப்பினால் டார்ச்சோடு நடக்க ஐம்பது அடி.

நிலத்தைச் சொந்தமாக அறிந்த ஒருவர் காட்டும் இடத்தில்தான் கூடாரம் போட வேண்டும். குழந்தையோடு போகும்போது இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

மறுநாள் காலை வீட்டுத் திண்ணைக்கும் ஓடைக்கும் நடுவே, பெரியவர்கள் பத்து நிமிடத்தில் கடக்கும் தூரத்தில், பாதிக் காலை கழிந்தது. திண்ணையோரப் புழுதியில் சின்னச் சின்னப் புனல் வடிவக் குழிகள். குழியானை. கிராமத்துப் பிள்ளைகளுக்குப் பழைய தோழன். என் மகளும் அண்ணன் பையனும் முட்டிபோட்டு உட்கார்ந்துவிட்டார்கள். ஓர் எறும்பு விளிம்பில் வந்தது. கால் சறுக்கியது. ஏறப் பார்த்தது. அடியிலிருந்து மணல் விசிறி எறியப்பட, எறும்பு மறுபடி சரிந்தது. மூன்றாவது விசிறலில் அடியில் இரண்டு கொடுக்குகள் தெரிந்தன, எறும்பைக் காணோம். "அது பாவம்மா" என்றாள் மகள். பிறகு, "இதுக்கும் பசிக்கும்ல?" என்றாள். ஆயா ஒரு குழியிலிருந்து மண்ணை அள்ளி உள்ளங்கையில் பரப்ப, கடுகளவு பூச்சி ஒன்று பின்பக்கமாகவே நடந்தது. இந்தப் பூச்சி வளர்ந்தால் தட்டானைப் போல மெல்லிய இறக்கை முளைத்துப் பறக்கும் என்றதை இருவரும் நம்பவில்லை. அங்கிருந்து அவர்களைக் கிளப்பி நான் எங்கே கூட்டிப்போயிருக்க முடியும்? பீமன் அருவி பக்கத்தில்தான் இருக்கிறது. அன்றைக்குப் போகவில்லை.

மதியம் ஆயா வீட்டில் சாமைச் சோறும் கீரைக் குழம்பும். ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடி மக்களுக்குச் சாமை வீட்டுத் தானியம். வீட்டில் ஒரு கவளத்துக்கு அரை மணி நேரம் எடுப்பவள் தட்டை வழித்தாள். மாலையில் மூன்று கல் அடுப்பு, கங்கில் புதைத்த சர்க்கரைவள்ளிக்கிழங்கு. விறகு ஆயாவிடம் விலைக்கு வாங்கியது. காட்டில் பொறுக்கவில்லை. படுக்கும் முன் நெருப்பில் தண்ணீர் ஊற்றிக் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலைத் தொட்டுப் பார்த்து அணைக்கும் வேலை பிள்ளைகளுக்கு. எங்கள் கண் முன்னால்தான்.

சின்ன உடம்பின் கணக்கு

கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டர் ஏறினால் வெப்பம் சுமார் ஆறரை டிகிரி குறையும். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியவர்களைவிட அதிகம். அதனால் சீக்கிரம் சில்லிட்டுவிடும். நாம் மேலே போர்த்துவதில் காட்டும் அக்கறையைக் கீழே விரிப்பதில் காட்டுவதில்லை. குளிர் தரையிலிருந்துதான் ஏறுகிறது. முதலில் தார்ப்பாய், அதன்மேல் கூடாரம், உள்ளே தடித்த ஃபோம் விரிப்பு, அதன்மேல் ஜமக்காளம். காதை மூடும் குல்லாவும் காய்ந்த சாக்ஸும் படுக்கும்போது மாட்டுவதற்கென்று தனியாக இருக்கட்டும். எவ்வளவு குளிரினாலும் கரி அடுப்பையோ கங்கையோ கூடாரத்துக்குள் கொண்டுவரக் கூடாது. கொடைக்கானலில் அறைக்குள் கரியை எரியவிட்டுத் தூங்கியவர்கள் எழுந்திருக்காத செய்திகளைப் படித்திருக்கிறோம். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை.

பாம்பு பற்றித்தான் எல்லாரும் முதலில் கேட்பார்கள். கேட்க வேண்டியதுதான். நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், சுருட்டை விரியன், கட்டுவிரியன் ஆகிய நான்கில் இரவுக்குக் கவனிக்க வேண்டியது கட்டுவிரியன். தரையில் தூங்குகிறவர்களைக் கடித்தால் வலி பெரிதாகத் தெரியாது. அடித்தளத்தோடு சேர்த்துத் தைத்த, ஜிப் மூடிய கூடாரம் அந்த ஆபத்துக்கு நல்ல தடுப்பு. அதனால்தான் ஜிப்பைப் பற்றி அவ்வளவு சொன்னேன். செருப்பைக் கூடாரத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள், டார்ச் இல்லாமல் கால் வைக்காதீர்கள். சந்தேகம் வந்தாலே 108. கீறுவது, கட்டுவது, பச்சிலை வைப்பது எதுவும் வேண்டாம். கிளம்பும் முன் பக்கத்து அரசு மருத்துவமனையில் விஷமுறிவு மருந்து இருக்கிறதா என்று போனில் கேட்டுவிடுவேன். முதல் பயணத்துக்கு முன் மகளை மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலிக்குக் கூட்டிப்போனேன். 1978 முதல் இயங்கும் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்தினர் அங்கே பாம்பிடமிருந்து விஷம் எடுப்பதைப் பார்க்கலாம். அந்த விஷத்திலிருந்துதான் மருந்து தயாராகிறது. பார்த்துவிட்டு வந்த குழந்தை பாம்பை மிதிக்கவும் போகாது, அடிக்கவும் சொல்லாது.

பாம்பளவுக்கு யாரும் பேசாத ஒன்று உண்ணிக்காய்ச்சல். டாக்டர்கள் ஸ்க்ரப் டைபஸ் என்பார்கள். புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத பூச்சிக் குஞ்சுகள் கடித்து வருவது. மழைக்காலத்துக்குப் பிறகு குளிர் மாதங்களில் தமிழ்நாட்டில் நிறையவே பார்க்கப்படுகிறது. வெறும் புல்லில் உட்காரவிடாதீர்கள், முழுக்கை முழுக்கால் உடுப்பு, வீடு திரும்பியதும் சோப்புக் குளியல், துணியெல்லாம் துவைக்க. போய்வந்த மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்தால் மலைக்குப் போனதை டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். அக்குள், தொடை இடுக்கு, காதுக்குப் பின்னால் கறுத்த பொருக்கு இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். நேரத்தோடு தெரிந்தால் மாத்திரையிலேயே குணமாகிவிடும். தாமதம்தான் ஆபத்து.

தொலைந்துபோவது பற்றியும் குழந்தையிடம் முன்பே பேச வேண்டும். 1981-இல் கலிஃபோர்னியாவின் பாலோமர் மலையில் ஒன்பது வயதுச் சிறுவன் வழிதவறி, தேடியவர்கள் கண்டுபிடிப்பதற்குள் குளிரில் இறந்துபோனான். தேடும் பணியில் இருந்தவர்கள் அதன்பிறகு பள்ளி பள்ளியாகப் போய்ப் பிள்ளைகளுக்கு ஒரு பாடம் சொல்லத் தொடங்கினார்கள்: வழி தெரியவில்லையா, ஒரு மரத்தைக் கட்டிப் பிடித்துக்கொண்டு அங்கேயே இரு. நடக்காமல் நிற்கும் குழந்தையைக் கண்டுபிடிப்பது சுலபம். என் மகள் கழுத்தில் விசில் தொங்கும். மூன்று முறை ஊதினால் அம்மா வருவாள். விளையாட்டுக்கு ஊதக் கூடாது என்பதையும் அவள் காப்பாற்றுகிறாள்.

உன் நட்சத்திரம் அங்கே இருக்கு

ஜவ்வாது மலையைத் தேர்ந்தெடுத்ததற்கு வானமும் காரணம். அதே மலையில்தான் காவலூர் வானாய்வகம் இருக்கிறது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கிய அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986-இல் பயன்பாட்டுக்கு வந்தது. யுரேனஸைச் சுற்றி வளையங்கள் இருப்பதை 1977-இல் பதிவுசெய்த இடங்களில் காவலூரும் ஒன்று. வானியலாளர்கள் தேடிக் கண்டுபிடித்த இருட்டு அது. சனிக்கிழமை மாலைகளில் பொதுமக்களை அனுமதிக்கும் வழக்கம் உண்டு. முன்கூட்டிக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்.

ஆனால் சின்னக் குழந்தைக்குத் தொலைநோக்கி அவசியமில்லை. நம் வீடுகளில் எல்லாக் குழந்தைக்கும் ஒரு நட்சத்திரம் இருக்கிறதே! ஜாதகத்தில் எழுதி பீரோவில் வைத்துவிடுகிறோம், வானத்தில் காட்டுவதில்லை. டிசம்பரில் எட்டு மணிக்குக் கிழக்கே திரும்பினால் உயரத்தில் நெருக்கமாக ஒரு சின்னக் கொத்து, அது கார்த்திகை. கொஞ்சம் கீழே செம்மஞ்சளாக ரோகிணி. இன்னும் கீழே மங்கலான மூன்று புள்ளிகள் மிருகசீரிடம். அதன் பக்கத்தில் சிவந்து பளிச்சென்று திருவாதிரை. என் மகள் ரோகிணி. "உன் நட்சத்திரம் அங்கே இருக்கு" என்று கையைப் பிடித்துக் காட்டினேன். "எனக்கா?" என்றாள். ரோகிணியின் வெளிச்சம் இங்கே வந்து சேர 65 ஆண்டுகள் ஆகும், பாட்டி சின்னப் பிள்ளையாக இருந்தபோது கிளம்பியது இப்போதுதான் உன் கண்ணுக்கு வந்திருக்கிறது என்று அண்ணன் விளக்கினான். அவளுக்குப் பாதிதான் புரிந்தது. மறுநாளே பாட்டிக்குப் போன் செய்து, "நீங்க குட்டிப் பாப்பாவா இருந்தப்ப கெளம்புன லைட்டைப் பார்த்தேன்" என்றாள். அண்ணன் பையன் திருவாதிரை. யாருடையது பெரியது என்று சண்டை வேறு. திருவாதிரைதான் பெரியது, சூரியனைவிட நூற்றுக்கணக்கான மடங்கு அகலம். அதை மட்டும் அன்றைக்குச் சொல்லவில்லை.

ஒன்பது மணிக்கு முன்பே இருவரும் தூங்கிவிட்டார்கள். வீட்டில் பத்தரைக்கும் முழித்திருக்கும் பிள்ளைகள். இதற்கு விளக்கம் இருக்கிறது. கொலராடோ பல்கலைக்கழகத்தின் கென்னத் ரைட் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், பெரியவர்கள் சிலரை மின்விளக்கே இல்லாமல் ஒரு வாரம் மலையில் கூடாரத்தில் தங்கவைத்தார். அவர்களின் உடல் கடிகாரம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம் முன்னுக்கு நகர்ந்து, சூரியனோடு பொருந்தியது. ஓரிரு நாளில் அவ்வளவு நடக்காது. ஆனால் பகலெல்லாம் வெயிலில் நடந்து, இருட்டியபின் திரையே பார்க்காத குழந்தையைத் தூங்கவைக்கக் கதை தேவைப்படவில்லை.

கேட்பது இதைத்தான்

ஆயாவின் களத்துமேடு எங்களுக்குக் கிடைத்தது தெரிந்தவர் வழியாக. எல்லாருக்கும் அப்படி ஒரு தெரிந்தவர் இருக்கமாட்டார். டென்டை வாங்கி வைத்துக்கொண்டு, எங்கே போடுவது என்று தெரியாமல் மாடியோடு நிறுத்திக்கொண்ட குடும்பங்கள் என் மகளின் வகுப்பிலேயே உண்டு.

சிங்கப்பூரைப் பாருங்கள். காடே அரிதான தீவு நகரம். அங்கே ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவிலும் பாசிர் ரிஸ் பூங்காவிலும் கூடாரத்துக்கென்று பகுதிகளை ஒதுக்கி, பூங்கா வாரியம் அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. கிழக்குத் தொடர்ச்சி மலை, மேற்குத் தொடர்ச்சி மலை இரண்டும் சேரும் தமிழ்நாட்டில், ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் கடற்கரை உள்ள மாநிலத்தில், ஒரு குடும்பம் முறைப்படி, கட்டுப்படியாகும் செலவில் கூடாரம் போட்டுத் தங்கப் பொது இடம் தேடி அலைய வேண்டியிருக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் உரிமமில்லாத கூடார வியாபாரம் யானைத் தடத்திலும் புல்சரிவிலும் முளைக்கிறது.

நாற்பது மலைப்பாதைகளைத் திறக்க முடிந்த வனத்துறையால் இதுவும் முடியும். அடர்காட்டுக்குள் வேண்டாம். காட்டுக்கு வெளியே, ஊரை ஒட்டி, ஜவ்வாது, ஏலகிரி, கல்வராயன், கொல்லிமலை அடிவாரங்களில் யானை நடமாட்டம் இல்லாத நிலமாகப் பார்த்து, மாவட்டத்துக்கு ஓர் ஏக்கர் போதும். மட்டமான தரை, குழாய்த் தண்ணீர், பெண்களும் குழந்தைகளும் பயமில்லாமல் போகக்கூடிய கழிப்பறை, சுற்றுவேலி. காவலுக்கும் சமையலுக்கும் அந்த மலையின் மக்கள், அவர்களுக்கு முறையான சம்பளம். ஸ்பீக்கருக்கும் மதுவுக்கும் இடமில்லை. ஒன்பது மணிக்கு விளக்கணைப்பு. தீப்பருவத்தில் பூட்டு. கட்டணம் வைக்கட்டும், முன்பதிவு வைக்கட்டும், பத்துக் குடும்பத்துக்கு மேல் விடாமல் இருக்கட்டும். வரிசையில் நின்று கட்டக்கூடிய பெற்றோர் இந்த ஊரில் நிறையப் பேர் இருக்கிறோம்.